மூக்கு என்று சொல்லித் தொலைத்தோம்

"மலையில காத்து சும்மாவே ஜில்லுனு இருக்கு. அதுக்கு எதுக்கு ஒரு பெட்டி, ஒரு குழாய், இவ்ளோ வேல?" பட்டறைக்கு டீ குடிக்க வந்த என்னிடம், இப்போது அங்கே வேலை பழகும் உங்களில் ஒருவர் போன வாரம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அப்போது பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்கலாமே என்று மனம் அரித்தது. ஓய்வு பெற்ற போமேனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? நம் நாட்டில் மெக்கானிக்கைப் போமேன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். மலையில் காற்று குளிர்தான், ஆனால் போனட்டுக்கு வெளியேதான் குளிர். உள்ளே அடுப்பு எரிகிறது. பழைய டர்போ கார் ஏற்றத்தில் காய்கறி லோரிக்குப் பின்னால் ஊர்ந்து வரும்போது போனட்டைத் திறந்து பாருங்கள், முகத்தில் அனல் அடிக்கும். காற்று உறிஞ்சும் ஃபில்டர் அந்த அனலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எஞ்சின் குடிப்பது மலைக்காற்றை அல்ல. சூடான காற்றைக் குடித்த எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் மிதிப்பார், கார் நகராது. அந்த அனலைத் தடுத்து வெளிக்காற்றைக் கொண்டுவரத்தான் பெட்டியும் குழாயும், அவ்வளவுதான் விஷயம். பெட்டி அடிப்பது, ரப்பர் ஒட்டுவது, குழாய் வளைப்பது எல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதில் கிடைக்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரிங்லெட்டில் இந்தப் பட்டறையை என்னோடு சேர்ந்து நடத்தியவரை ஊரே பெரிய போமேன் என்று கூப்பிடும். பெயரைப் போட வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். நான் சின்னப் போமேன். வயதில் இல்லை, உயரத்தில்தான். இருவரும் சேர்ந்து கழற்றாத எஞ்சின் இந்த மலையில் குறைவு. அவர் அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

ஒருநாள் மாரிமுத்து அண்ணன் காரோடு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போகும்போது தன் பழைய டர்போ காரை இவருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் துரையின் கார் நின்றால் எப்படி இருக்கும்? அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்தே பாதி பெயின்ட்டைத் தேய்த்துவிட்டார். ஆனால் அவர் அதை வாங்கியது பெருமைக்காக அல்ல. அவருடைய மனைவி அஞ்சலை அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் பல நாள் கீழே தாப்பாவுக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அந்த வளைவுகளில் அக்காவைப் பத்திரமாக இறக்கி, பத்திரமாக ஏற்றிக்கொண்டு வரத்தான் கார்.

"எறங்கும்போது ஒண்ணும் இல்ல தம்பி. மத்தியானம் ஏறி வரும்போதுதான் மூச்சு வாங்குது. திணறுது, குலுங்குது. ஏற்கெனவே அவ தொவண்டு போயித்தான் படுத்திருப்பா. இந்தக் குலுக்கல்ல வாந்தி வேற" என்றார்.

பெரிய போமேன் அந்தக் காரைத் தாப்பா சாலையில் பாதி தூரம் இறக்கி, ஒரு மூங்கில் லோரிக்குப் பின்னால் மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் நிறுத்தி, போனட்டைத் திறந்து, ஃபில்டர் குழாயைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். துரை யாரிடமோ கொடுத்து, இருந்த பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சத்தம் நன்றாக வரும் என்று மொட்டையாக ஒரு ஃபில்டரை டர்போவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அனல் படாமல் ஒரு பெட்டியும் குழாயும் அடிப்பது என்று முடிவானது. எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது அந்தக் குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான். பம்பருக்குக் கீழே வைத்தால் நல்ல குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன்.

"சின்னவரே, மழ பேஞ்சா இந்த ரோட்டுல என்ன ஓடும்?" என்று கேட்டார்.

"தண்ணி."

"தண்ணி மட்டுமா? வெள்ளம் பாத்த லெம்பா பெர்த்தாம் ஆளுங்களக் கேளு, சேறு எவ்ளோ ஒசரத்துக்கு வரும்னு. எஞ்சின் அதக் குடிச்சா அப்புறம் அத எடைக்குத்தான் போடணும். மேல வைலா."

மேலேதான் வைத்தோம். முன்விளக்குக்குப் பக்கத்தில், கிரில்லுக்குப் பின்னால், அகலமான ஒரு குழாய் வாய். அங்கிருந்து தகரப் பெட்டிக்குள் காற்று போகும். பெட்டிக்கு மேலே ரப்பர் விளிம்பு. போனட்டை மூடினால் அனல் உள்ளே நுழைய வழியே இல்லை. மறுபடியும் அதே ஏற்றம், அதே மாதிரி ஒரு லோரிக்குப் பின்னால் ஏறி வந்து பெரிய போமேன் குழாயைத் தொட்டார். இந்த முறை கையை எடுக்கவே இல்லை. அவர் முகத்தில் அபூர்வமாக வரும் சிரிப்பு வந்தது.

காரை எடுக்க வந்தபோது அக்காவும் கூட வந்தார். காதை மூடிப் பச்சைக் கம்பளித் துண்டு ஒன்றைத் தலையில் கட்டியிருந்தார். கிரில்லுக்குப் பின்னால் தெரிந்த குழாய் வாயைக் குனிந்து பார்த்து, "இது என்ன தம்பி, பீரங்கி மாதிரி?" என்று கேட்டார்.

"அது காடியோட மூக்குக்கா. குளுகுளுனு காத்த இழுத்துக்கும்" என்றேன். காரைக் காடி என்றுதான் இங்கே சொல்வோம்.

மூக்கு என்ற சொல் எங்களுக்கு ரொம்ப வசதியானது. வருகிறவர்களிடம் அழுத்தம், வெப்பம் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மூக்கு என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அக்கா சிரித்தார். கிரில் இடைவெளியில் கையை விட்டு அந்த மூக்கை லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு நல்ல மாதங்கள். தாப்பாவிலிருந்து ஏறி வரும்போது அக்கா பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருவாராம். "கண்ண மூடுனேன், தொறந்தா வீடு வந்துருச்சு தம்பி" என்று ஒருநாள் பட்டறை வாசலில் காரை நிறுத்தச் சொல்லிச் சொல்லிவிட்டுப் போனார். பசியாறத் தோசை கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், சட்னியோடு. தோட்டத்தில் பழைய டர்போ வைத்திருந்த வேறு சிலரும் மூக்கு வைக்க வேண்டும் என்று வந்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அதில் பாதியை நாங்கள் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்த மலையில் பொழுது சாய்ந்து பனி இறங்கினால் அம்மாக்கள் முதலில் செய்யும் வேலை என்ன? பிள்ளைகளின் காதை மூடுவார்கள், மூக்கை மூடுவார்கள். சளி பிடித்துவிடும். அக்காவும் அதைத்தான் செய்தார். தன்னைத் தூங்க வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிற கார், ராத்திரி முழுவதும் பனியில் மூக்கைத் திறந்துகொண்டு நிற்கிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. தன் கம்பளித் துண்டைப் பாதியாக வெட்டி, சாயங்காலம் ஆனதும் அந்தக் குழாய் வாயில் திணித்துவிடுவார். காலையில் கார் கிளம்பும் முன் எடுத்துவிடுவார். அண்ணனுக்குத் தெரிந்தால் கேலி செய்வார் என்று சொல்லவில்லை.

ஒரு காலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. முந்தின முறை சுத்தம் செய்த பிறகும் உடம்பில் நீர் தேங்கியிருந்தது போலிருக்கிறது. அண்ணன் அவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த நிலையில் அக்காவுக்குத் துண்டு ஞாபகம் வருமா? கார் ஸ்டார்ட் ஆனது. லயத்தைத் தாண்டும்வரை ஓடியது. தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு ஏற்றம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அதில் மிதித்ததும் எஞ்சின் துண்டை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு அடைத்துக்கொண்டது. கறுப்புப் புகை தள்ளி நின்றுபோனது. அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணன் ஜங்ஷன்வரை நடந்திருக்கிறார். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அன்று அக்கா பிழைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, தெரிந்தவர் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார் அண்ணன். அக்காவும் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். முகம் வீங்கியிருந்தது. காதை மூடியிருந்தது அந்தத் துண்டின் மீதிப் பாதி.

பெரிய போமேன் பெட்டியைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். குழாயின் கழுத்தில் பச்சைக் கம்பளி. அவர் அதைப் பார்த்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லாமல் துணியை உருவித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

"என்ன தம்பி ஆச்சு?" என்று அண்ணன் போனட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"கிளாம்ப் லூசாயிடுச்சுண்ணே. கொழாய் கழண்டு போச்சு. எங்க வேலதான் சரியில்ல."

பட்டறையே அதிரும்படி கத்தினார் அண்ணன். "என்ன வேலலா பாக்குறீங்க? ஆளக் கொல்லப் பாத்தீங்களே! நம்பித்தானே குடுத்தேன்? நடுரோட்டுல அவள வச்சிக்கிட்டு நான் பட்டபாடு உங்களுக்குத் தெரியுமா?" பக்கத்துச் சாப்பாட்டுக் கடை நடத்தும் பாய்கூட வந்து எட்டிப் பார்த்தார். பெரிய போமேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷன், தொழிலில் சம்பாதித்த பேரையே தூக்கிக் கொடுக்கிறானே என்று நினைத்தேன். புருஷனுக்கு முன்னால் அந்தம்மா குற்றவாளியாக நிற்காமல் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன்.

கத்தி முடித்துவிட்டு அண்ணன் ஒன்று சொன்னார். "சரி செஞ்சாலும் வேணாம். இனிமே இந்தக் காடியில அவள ஏத்த மாட்டேன்."

தம்பிகளே, இங்கேதான் நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். பழி எங்கள் தலையில் விழும் என்று நினைத்துத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். பழி எங்களோடு நிற்கவில்லை. காரின் மேல் விழுந்துவிட்டது. ஒரு குறையும் இல்லாத கார் அது. அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் அக்காவுக்கு ஒரு நாள் வெட்கம், ஒரு நாள் திட்டு, அத்தோடு போயிருக்கும். பெரிய போமேன் வாயைத் திறக்கத்தான் பார்த்தார், எனக்குத் தெரிந்தது. அதற்குள் அண்ணன் அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டார். அக்கா போகும்போது பெரிய போமேனையே பார்த்துக்கொண்டு போனார். இவர் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த கிளாம்பை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

காரை ஓட்டிக்கொண்டுபோய் லயத்து வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார் அண்ணன். அதற்குப் பிறகு அக்கா போனது ஆள் ஏற்றும் வேனில். வேனைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, ஒருவருக்காக எவ்வளவு நேரம் நிற்கும்? காலையில் அக்காவுக்குத் தலைசுற்றல் வந்து எழ முடியாமல் போனால் வேன் போய்விடும். அன்று சிகிச்சை இல்லை. முடிந்த நாளிலும் நெருக்கியடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வருவாராம். ஒருநாள் ரிங்லெட் கடைத்தெருவில் வேனுக்காகக் காத்திருந்த அவரைப் பார்த்தோம். பாதியாக இளைத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்று பெரிய போமேன் கேட்டார்.

"இருக்கேன் தம்பி. தம்பி, அந்தக் காடி..." என்று ஆரம்பித்தார். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறிவிட்டார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன் நான். "வாங்க, போய் அண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

"இப்பப் போய்ச் சொன்னா, அன்னிக்கு ஏன்டா பொய் சொன்னேன்னு கேப்பாரு. அப்புறம் அக்கா மேலதான் பாய்வாரு. நோவு புடிச்ச மனுஷி. கொஞ்ச நாள் போவட்டும்லா" என்றார்.

கொஞ்ச நாள் போகட்டும் என்பது எவ்வளவு சுலபமான வார்த்தை. வேலை வந்துகொண்டே இருந்தது, மழைக்காலம் வந்தது, மண் சரிந்து சாலை அடைத்தது, திறந்தது. அந்தம்மாவும் சொல்லவில்லை. தனக்காக ஒருவர் பழி சுமந்திருக்கிறார், தான் வாயைத் திறந்தால் அவர் பொய்யர் ஆகிவிடுவாரே என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் அவருக்காக வாயை மூடினோம், அவர் எங்களுக்காக மூடினார். நல்லவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல காரைத் தார்ப்பாய்க்குள் வைத்திருந்தோம்.

அக்கா இறந்துபோனார். காரில் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ, இருந்த நாளிலாவது கண்ணை மூடி நிம்மதியாக வந்திருப்பாரோ என்ற நினைப்பை என்னால் துரத்த முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் கறாராகச் சொல்கிறேன். காரிலிருந்து நீங்கள் எடுப்பது எதுவாக இருந்தாலும், உடைந்த போல்ட்டோ, செத்த எலியோ, ஒரு துண்டுத் துணியோ, அதைக் காரின் சொந்தக்காரர் கண் முன்னால் வையுங்கள். அவர் முகம் வாடும், யாரையாவது திட்டுவார், நமக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். எவ்வளவு இதமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் இருப்பதைச் சொல்லுங்கள். இன்னொன்று, மூக்கு என்று சொல்லாதீர்கள். காற்றுக் குழாய் என்று சொல்லுங்கள். அதை எப்போதும் அடைக்கக் கூடாது என்றும் கூடவே சொல்லுங்கள். கார் எங்கே ஓடுகிறது என்று நாங்கள் கேட்டோம், ராத்திரி எங்கே நிற்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் மாரிமுத்து அண்ணன் பட்டறைக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பெரிய போமேன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை.

"அவ போறதுக்கு முந்தி ஆஸ்பத்திரியில சொன்னா தம்பி. துணிய வச்சது நாந்தான், எடுக்க மறந்ததும் நாந்தான்னு. போமேன் பாத்துட்டு எனக்காக மறைச்சிட்டாரு, அவர ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா."

பெரிய போமேன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பன்னா கிளாம்ப்புல ஒண்ணும் இல்ல. அந்தக் காடி அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சா?"

பெரிய போமேன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லா இருந்துச்சுண்ணே" என்றார்.

"மறுநாளே அவள அதுல ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்ண்ணே."

அண்ணன் தலையை ஆட்டினார். புரிந்துகொண்ட மாதிரி மறுபடியும் ஒருமுறை ஆட்டினார். இப்போது கத்துவார் என்று நான் காத்திருந்தேன். பாயும் கடை வாசலுக்கு வந்து நின்றார். அண்ணன், "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பெரிய போமேன் வாசல்வரை ஓடினார். "அண்ணே, ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போங்கண்ணே" என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.